முகம் பிடிக்கும் புடவைகள்

கரையங்குடியில் தாலியறுத்த பெண்களின் வெள்ளைப் புடவையில் எதிரே வருகிறவர்களின் முகம் பிடிக்கத் தொடங்கியது பங்குனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அதற்காக அன்றைக்கு யார் வீட்டிலும் உலை வைக்காமல் இல்லை, உப்பளத்துக்குப் போகிறவர்கள் போகாமல் இல்லை, தொட்டில் பிள்ளைகள் தூங்காமல் இல்லை. மிராசுதார் வீட்டு உண்ணாமுலை ஆச்சி கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் அவள் புடவையின் முன்பக்கத்தில் பதினாலு முகம் ஏறியிருந்தது, பதினாலும் சுளித்த முகம், அவ்வளவுதான்.

அந்த முகத்தை அதுவரைக்கும் ஊரில் பதினோரு பேர்தான் பார்த்திருந்தார்கள். அந்தப் பதினோரு பேரும் வெள்ளைப் புடவைக்காரிகள். வெளியே கிளம்புகிற நேரத்தில் அவர்களில் ஒருத்தி எதிரே வந்துவிட்டால், கஷாயக் கிண்ணத்தைக் கண்ட பிள்ளை மாதிரி மூக்கைச் சுருக்கி உதட்டைக் கோணி, திரும்ப வீட்டுக்குள் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவதுதான் வழக்கம். அப்படிச் செய்கிறவர்கள் தங்கள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை. கண்ணாடியில் பார்க்கிற முகம்தான் தெருவிலும் இருக்கிறதென்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

காரணம் தையல்நாயகி. ஆசாரிமார் தெருவில் ரத்தினசபாபதி ஆசாரியின் பெண்டாட்டி. ஆசாரி நாகப்பட்டினத்துக்குப் போன இடத்தில் ஒரு வெள்ளைக்காரர் பெட்டிக்குள் ஆளைப் பிடித்துக் காகிதத்தில் இறக்குவதைப் பார்த்துவிட்டு வந்து, "வெளிச்சந்தான் எழுதுது தையலு, வெள்ளிதான் மை" என்று சொன்னார். சொன்ன அடுத்த வருஷம் வாந்திபேதியில் போய்ச் சேர்ந்தார். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. மற்றப் பெண்கள் மூலையில் உட்கார்ந்த மாதிரி அவளும் உட்கார்ந்தாள், ஆனால் உட்கார்ந்த மூலை பட்டறை மூலையாக இருந்தது. வெள்ளியைத் திராவகத்தில் கரைத்தால் தண்ணீர் மாதிரித் தெளிந்து நிற்கும், விரலில் பட்டால் வெயிலில் கறுக்கும் என்பது ஆசாரி வீட்டில் பிறந்தவளுக்குத் தெரியாதா? காகிதத்தை உப்புத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, மேலே வெள்ளித் தண்ணீரைத் தடவி, ஒரு வேப்பிலையை வைத்து வெயிலில் காட்டினாள். இலை மறைத்த இடம் வெள்ளையாகவும் மற்ற இடமெல்லாம் கறுப்பாகவும் வந்தது. நரம்பு நரம்பாக, பல் பல்லாக வந்தது. ஆனால் இலையை எடுத்ததும் அந்த வெள்ளையும் வெளிச்சத்தைக் குடித்துக் குடித்து, சாயங்காலத்துக்குள் முழுக்கக் கறுத்துவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே வேலைதான்: அதை நிறுத்துவது.

கடுக்காய் போட்டுப் பார்த்தாள், படிகாரம் போட்டுப் பார்த்தாள், சுண்ணாம்பு, எலுமிச்சை, புளித்த மோர், பசுவின் கோமியம் எல்லாம் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொன்றையும் ஓலை நறுக்கில் கீறி வைத்தாள். "மோர்: நாறியது. நிற்கவில்லை." பார்த்து முடித்த தண்ணீரையெல்லாம் பட்டறை வாய்க்காலில் ஊற்றினாள். வாய்க்கால் போய்ச் சேர்ந்த இடம் வெள்ளைத் துணிக் குட்டை.

அந்தக் குட்டை எதற்கென்றால், தாலியறுத்தவள் புடவையை மங்கலத் துணிகளோடு பெரிய குளத்தில் வெளுக்கக் கூடாது என்று ஊர் ஒதுக்கிவைத்தது. உவர்மண் குட்டை, உப்புக் கரிக்கிற தண்ணீர். உப்பு இங்கே இருந்தது, வெள்ளி அங்கேயிருந்து வந்தது, துணி வெள்ளையாக இருந்தது. மூன்று வருஷம் ஊறியதும் பெட்டி இல்லாமலே முகம் பிடித்தது.

வெளுக்கிற மாரிக்கண்ணு பயந்துபோய்ப் பட்டறைக்கு ஓடி வந்தாள்.

"ஆசாரியம்மா, என் வெளுப்புல குத்தம் இல்லை. உங்க வாய்க்காத் தண்ணியிலதான் என்னமோ இருக்கு."

"என்ன இருக்கு, வெள்ளி இருக்கு."

"வெள்ளியா!" மாரிக்கண்ணு இடுப்பில் கை வைத்தாள். "அப்ப இத்தனை நாளும் வெள்ளியில துணி அலசிப்புட்டு வீட்டுக்குப் போயி வெறுங்கூழு குடிச்சேனா நானு?"

ஊர் கூடியது. கூடியவர்கள் முதலில் அது தங்கள் முகமே இல்லை என்றார்கள். பிறகு தன் முகம் இல்லை, ஆனால் பக்கத்திலிருப்பவர் முகம் அச்சாக அவர்தான் என்றார்கள். இப்படி ஆளுக்கு ஒருவரைக் காட்டிக் காட்டி, பொழுது சாய்வதற்குள் பதினாலு முகத்துக்கும் ஆள் தெரிந்துவிட்டது. மணியக்காரர் தொண்டையைக் கனைத்து, "இனிமே இவங்க துணியையும் பெரிய குளத்துலயே வெளுத்துட்டா போச்சு, முகமும் பிடிக்காது ஒண்ணும் பிடிக்காது" என்று நல்ல யோசனையாகத்தான் சொன்னார். அதற்கு ஊரே எழுந்து நின்றுவிட்டது. கல்யாணப் பட்டும் தாலியறுத்தவள் துணியும் ஒரே தண்ணீரிலா! அதைவிட முகம் பிடித்துவிட்டுப் போகட்டும் என்று முடிவானது.

முடிவானதும் ஊர் பழகிக்கொண்டது. முதல் வாரம் ஆண்கள் வெள்ளைப் புடவையைக் கண்டால் சந்துக்குள் ஒதுங்கினார்கள், ஒதுங்கின முதுகும் விழுந்தது, முதுகை வைத்தும் ஆளைச் சொன்னார்கள். அடுத்த வாரம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நடந்து ஒருவர் கிணற்றில் இடறி விழுந்தார். மூன்றாவது வாரம், ஆச்சி புடவையில் கோணல் முகத்தோடு எட்டு நாள் தெருவில் உலா வந்து வெறுத்துப்போன எண்ணெய்க் கடைக்காரர், உண்ணாமுலை ஆச்சி எதிரே வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டார். "வாங்க ஆச்சி, சௌக்கியமா?" என்றும் கேட்டுவிட்டார். அன்றைக்கு விழுந்த படத்தைப் பார்த்த ஊர், எண்ணெய்க் கடைக்காரர் இவ்வளவு லட்சணமா என்று வாயடைத்துப்போனது. அதோடு ஆரம்பித்தது. ஆளாளுக்கு வீட்டுக் கண்ணாடியில் பழகிப் பார்த்துவிட்டு வந்து, வெள்ளைப் புடவையைத் தேடிப் போய் எதிரே நின்று சிரித்தார்கள்.

ஒரே ஒரு சங்கடம், வேப்பிலை மாதிரிதான் எல்லாமே: வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் விழுந்தது. கரிய மீசை பழுத்த நரையாக வந்தது, பல் கரியைக் கடித்த மாதிரி வந்தது. அதனால் எல்லாரும் வாயை மூடிச் சிரிக்கக் கற்றுக்கொண்டார்கள். எலுமிச்சை நிறம் என்று கொண்டாடப்பட்ட பெண்கள் அட்டக்கரியாக விழுந்ததைக் கண்டு தாய்மார்கள் கலங்கினார்கள், அளத்தில் வெயிலில் நின்று கறுத்த பெண்கள் பால் நிலா மாதிரி விழுந்தார்கள், வரன் பார்க்க வருகிறவர்கள் "பொண்ணு நல்லாக் கறுப்புத்தானே?" என்று முன்கூட்டியே கேட்டு அனுப்பினார்கள். மஞ்சள் பூசுவதை நிறுத்திவிட்டு அடுப்புக்கரி பூசினவர்களும் உண்டு. பெயர்வைக்கிற வீட்டில், காதுகுத்துகிற வீட்டில், புதுக்கடை திறக்கிற இடத்தில் வெள்ளைப் புடவை ஒன்று முன்வரிசையில் நிற்காவிட்டால் விசேஷம் நிறையவில்லை என்றானது. முன்பு பின்கட்டில் சோறு வாங்கிக்கொண்டு போனவர்களுக்கு நடுக்கூடத்தில் பாய் போட்டார்கள். அன்பெல்லாம் ஒன்றும் இல்லை. வெளிச்சம் நடுக்கூடத்தில்தான் நன்றாக விழுந்தது.

ஆனால் எட்டாம் நாள் எல்லாம் கறுத்துவிடும். மாரிக்கண்ணு சாம்பலும் உவர்மண்ணும் போட்டு வெளுத்து, குட்டையில் அலசிக் கொடுத்தால் புடவை மறுபடி பிடிக்கும், மறுபடி எட்டு நாள்தான். நல்லாச் சிரித்த சிரிப்பு இப்படி வீணாவதை ஊரால் தாங்க முடியவில்லை.

இந்த இடத்தில்தான் வேலப்ப ஆசாரி நுழைந்தார். தையல்நாயகியின் மச்சாண்டார், செத்துப்போன ஆசாரியின் அண்ணன். தம்பி போன நாளிலிருந்து அவருக்குப் பட்டறைமேல் கண். ஆனியில் மகள் நீலாயதாட்சிக்குக் கல்யாணம், மாப்பிள்ளையைப் பட்டறையில் உட்கார்த்திவைத்துவிட்டு, தையல்நாயகியைத் தன் வீட்டு அடுப்படியில் உட்கார்த்திவைக்க வேண்டும் என்று அவருக்கு எண்ணம். அதை அவர் உபகாரம் என்று சொல்லிக்கொண்டார்.

"பொம்பளை கையில திராவகம் எதுக்குங்கறேன்? மூணு வருஷமா மோரையும் கோமியத்தையும் ஊத்திக் குட்டையைக் கெடுத்ததைத் தவிர என்னத்தைக் கண்டா?" என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டார்.

கதவுக்குப் பின்னாலிருந்து தையல்நாயகி சொன்னாள்: "நிறுத்திக் காட்டுறேன் மச்சாண்டாரே. கெடு சொல்லுங்க."

மணியக்காரர் சொன்னார். நீலாயதாட்சி கல்யாணப் படம் விழ வேண்டும், விழுந்தது கறுக்காமல் நிற்க வேண்டும். நின்றால் பட்டறை தையல்நாயகிக்கு, அவள் ஆயுசு மட்டும். நிற்காவிட்டால் அன்றைக்கே சாவியை வேலப்ப ஆசாரி கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போக வேண்டியது.

அடுப்படிக்குப் போகக் கூடாது என்பதற்காகப் பாடுபட்டவளுக்கு வழி கிடைத்தது என்னவோ அடுப்படியில்தான். சித்திரையில் மாவடு ஊறப் போட்டாள். ஒரு ஜாடியில் உப்புக் குறைந்து பூசணம் பூத்தது, இன்னொன்றில் கை தவறி உப்புக் கூடி, கல் மாதிரி நின்றது. இரண்டு ஜாடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்குக் குளித்த மாதிரி ஆயிற்று. வெள்ளியைப் பிடிக்கவைப்பது கொஞ்சம் உப்பு. அப்படியானால் நிறைய உப்பு? ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போனாள். பாத்தியில் உப்புப் பூப்பதற்கு முந்தின நாள் தண்ணீர் எண்ணெய் மாதிரிக் கெட்டியாக நிற்கும். அதைக் கொண்டுவந்து, வேப்பிலை விழுந்த துணியை முக்கி எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, உச்சி வெயிலில் போட்டாள். எட்டு நாள் போட்டாள், பத்து நாள் போட்டாள். இலை அப்படியே இருந்தது. ஊரைச் சுற்றி மலை மலையாகக் குவிந்துகிடந்த சரக்குக்காக மூன்று வருஷம் மோரைப் புளிக்கவைத்திருக்கிறாள்.

அதே துணியை மாரிக்கண்ணுவின் முன்னால் பிடித்தாள். மாரிக்கண்ணு தலையைச் சாய்த்து, உதட்டை மூடி, பழகின சிரிப்பைச் சிரித்தாள். ஒன்றும் விழவில்லை. நின்ற துணி, பிறகு எதையும் பிடிக்கவில்லை.

மறுநாள் உண்ணாமுலை ஆச்சி வந்தாள்.

"நிறுத்திட்டியாமே?"

"யாரு சொன்னா?"

"உன் மூஞ்சி சொல்லுது. மாவடு பானைக்குள்ள தலையை விட்ட பூனை மாதிரி இருக்கே."

"நின்னுடுச்சு ஆச்சி. ஆனா நின்ன துணி மறுபடி பிடிக்க மாட்டேங்குது."

ஆச்சி பட்டறைப் படியில் உட்கார்ந்தாள். "அப்ப ஆளுக்கொரு தரம் சிரிச்சு, படத்தை உப்புல போட்டுப் பெட்டியில வச்சுக்குவான். அப்புறம் எங்களைக் கண்டு எதுக்குடி சிரிக்கப் போறான்?"

தையல்நாயகி குடுவையைத் துடைத்தாள்.

"முப்பத்தெட்டு வருஷமா யாரு வந்தாலும் நான்தான் ஒதுங்கினேன். இந்த ரெண்டு மாசமா, 'வாங்க ஆச்சி'ங்கறான். பொய்ச் சிரிப்புத்தான், எனக்குத் தெரியாதா? பொய்யா இருந்தாலும் தெருவுல நிமிந்து நடக்க முடியுதுடி."

"நிறுத்தலைன்னா பட்டறை போயிடும் ஆச்சி. நான் அடுப்படிக்குப் போயிடுவேன்."

"நிறுத்தாதேன்னு நான் சொல்லலை. நிறுத்துன்னும் சொல்லலை." ஆச்சி எழுந்து முந்தானையை உதறினாள். "அந்த நின்ன மாவடுல ரெண்டு குடு. வாய் கசக்குது."

ஆனி மாதம் கல்யாணம் நடந்தது. தாலி கட்டி முடித்த கையோடு, மேளம் முழங்க, தையல்நாயகி மணவறைக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் நிற்கிற இடத்தில் நிழல் விழுகிறதென்று பந்தல் கீற்றைப் பிய்த்தார்கள். ஒரு காலத்தில் அவள் வாசல்படி ஏறினாலே இருமிக் காட்டிய வேலப்ப ஆசாரி, "இன்னும் கிட்ட வா தையலு... இன்னும் கிட்ட... பொண்ணு மூக்குத்தி விழணும்ல" என்று கெஞ்சினார். நீலா சிரித்தாள், மாப்பிள்ளை சிரித்தார், சம்பந்திகள் சிரித்தார்கள், நாயனக்காரர் மட்டும் உப்பின கன்னத்தோடு விழுந்தார். வேலப்ப ஆசாரி ஓரத்தில் நின்றாலும் எல்லாரையும்விட லட்சணமாக, வாயை மூடி, தாடையைத் தூக்கிச் சிரித்தார்.

படம் விழுந்த பாகத்தைக் கத்தரித்து அளத்துத் தண்ணீரில் முக்கினாள், அலசினாள், கோயில் வாசலில் கொடி கட்டி விரித்துப் போட்டாள். ஒருநாள் நின்றது, இரண்டு நாள் நின்றது. எட்டாம் நாளும் நின்றது. ஒன்பதாம் நாள் காலையில் வேலப்ப ஆசாரி போட்ட கூச்சலில் ஊர் கூடியது. படத்தில் எல்லாரும் இருந்தார்கள், நாயனக்காரர் கன்னம்கூட இருந்தது. வேலப்ப ஆசாரி நின்ற ஓரத்தில், கழுத்துக்கு மேலே, இட்லி அளவுக்குக் கறுப்பு.

"நிக்கலை! பாத்தியளா? நிக்கலை! சாவியைக் கொண்டாரச் சொல்லுங்க!"

தையல்நாயகிக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முக்குகிறபோது அந்த ஓரம் மடிந்திருந்திருக்கிறது. மடிப்புக்குள் உப்பு ஏறவில்லை, அதுதான் விஷயம், அடுத்த தடவை விரித்து முக்கினால் தீர்ந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். எதிரே மணியக்காரர் இருந்தார், ஊர் இருந்தது, ஊருக்குப் பின்னால் வழக்கமான இடத்தில் பத்து வெள்ளைப் புடவைகள் இருந்தன. மூன்று வருஷமாக ஓலையில் ஒரு பொய் எழுதாதவள், நாறினதை நாறியது என்றே எழுதினவள், வேறொன்றைச் சொன்னாள்.

"உப்பு நின்னுடுச்சுங்க. முகந்தான் நிக்கலை."

"என்னாது?"

"கெட்டி உப்பு படத்தைப் பிடிச்சு நிறுத்தும். ஆனா படத்துல சிரிச்ச ஆளு, அப்புறமும் வெள்ளைப் புடவையைக் கண்டா அதே முகத்தோட இருக்கணும். சுளிச்சா, அந்த ஆள் முகம் மட்டும் உப்பை விட்டுரும். அது உப்போட குணம்." பிறகு மெதுவாக, மரியாதையாகக் கேட்டாள்: "மச்சாண்டாரே, இந்த எட்டு நாள்ல யாரைக் கண்டாவது மூஞ்சியைத் திருப்பினீயளா?"

வேலப்ப ஆசாரி துண்டை உதறித் தோளில் போட்டார். ஊர் அவரைப் பார்த்தது.

பின்னாலிருந்து உண்ணாமுலை ஆச்சி, யாருக்கும் சொல்லாத மாதிரி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "முந்தாநாள் காலம்பற, மிளகாய் மண்டி முக்குல" என்றாள். "என்னைக் கண்டுட்டு, போட்ட செருப்பைக் கழட்டிட்டு உள்ள போனாரு. தண்ணி குடிச்ச சத்தங்கூடக் கேட்டுச்சு."

"படம்தான் விழுந்தாச்சே, இனிமே என்னன்னுதான்..." என்று ஆரம்பித்த வேலப்ப ஆசாரி, சொல்லிக்கொண்டிருப்பது என்னவென்று பாதியில் தெரிந்து நிறுத்தினார்.

மணியக்காரர் படத்தில் தன் முகம் இருந்த இடத்தை ஒருதரம் கிட்டப் போய்ப் பார்த்துக்கொண்டார். பிறகு திரும்பி, பத்து வெள்ளைப் புடவைகளையும் பார்த்து, வாயை மூடி நன்றாகச் சிரித்தார். பட்டறை தையல்நாயகிக்கு என்றார்.

அன்றைக்கு அவள் ஓலையில் எழுதியது: "மடிப்பில் உப்பு ஏறவில்லை. விரித்து முக்கவும்." அதை ஊரில் யாரும் படிக்கவில்லை. சொன்ன பொய்யைத்தான் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டுக்கு வீடு நின்ற படம் பெட்டியில் ஏறியது, ஏறின பிறகும் வெள்ளைப் புடவையைக் கண்டால் சிரித்தார்கள்; மறந்துபோய்ச் சுளித்தவர்கள் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள், பயந்து தேடுகிறவர்களுக்கு எங்கேயாவது ஒரு புள்ளி கறுப்புக் கிடைக்கத்தான் செய்தது. வேலப்ப ஆசாரி விடிந்ததும் தெருமுனையில் போய் நின்று, பதினோரு பேரில் யார் வந்தாலும் முதல் சிரிப்பைச் சிரித்து, கன்னம் வலிக்க வலிக்க வீட்டுக்குப் போனார்.

தையல்நாயகி முப்பத்தொரு வருஷம் பட்டறையில் இருந்தாள். படத்துக்கு மேல் படத்தை வைத்துக் கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் திருப்பினாள், அன்றைக்கு ஊரில் பாதிக் கல்யாணம் ஆட்டம் கண்டது. பொன்னைக் கரைத்துத் தடவி, படத்துக்குச் செம்மை ஏற்றினாள். அவள் கை முழங்கை வரைக்கும் வெள்ளி ஏறிக் கறுத்து நின்றது. முந்நூறு ஓலை எழுதினாள். நாகப்பட்டினத்திலிருந்து பெட்டிக்கார வெள்ளைக்காரர் ஒருவர், பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு துபாஷியோடு வந்து பார்த்தார். உப்பைப் பற்றி அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, முகம் சுளித்தால் படம் கறுக்கும் என்று ஊர் சொன்னதைத்தான் தன் நோட்டில் கவனமாக எழுதிக்கொண்டு போனார்.

அவள் செத்த அன்று கோடித் துணி போர்த்திக் கூடத்தில் கிடத்தினார்கள். வெள்ளைத் துணி. வந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒவ்வொருவராக எதிரே வந்து நின்று, தாடையைத் தூக்கி, வாயை மூடிச் சிரித்துவிட்டுப் போனார்கள். உப்பு வண்டிக்காரன் ஒருத்தன், வெளியூர்க்காரன், வாசலில் எட்டிப் பார்த்து, "என்ன விசேஷமுங்க?" என்று கேட்டான்.

"அழுங்கய்யா!" என்று கிழவியாகிவிட்ட மாரிக்கண்ணு மாரில் அடித்துக்கொண்டாள். "நாசமாப் போன படம் போனாப் போவுது, அழுங்களேன்!"

நீலாயதாட்சி அழுதாள். ஐம்பதை நெருங்கியவள், ஏழு பிள்ளை பெற்றவள், கல்யாணத்தன்றைக்குச் சிரித்ததிலிருந்து வெள்ளைத் துணிக்கு முன்னால் ஒருநாளும் முகம் சுளிக்காதவள். சித்தியின் காலைப் பிடித்துக்கொண்டு, முகம் கோணி, மூக்கு ஒழுகி, பல் தெரிய, வாய்விட்டு அழுதாள். இருந்தவர்கள் அவளைப் பாவம் என்று பார்த்தார்கள்.

எடுத்துக்கொண்டு போன பிறகு, வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தாள். துணியை மடியில் விரித்தாள். மாப்பிள்ளை இருந்தார், சம்பந்திகள் இருந்தார்கள், அப்பா இருந்த இடத்தில் அந்தக் கறுப்பு இருந்தது. கறுப்பின் ஓரம் கத்தரித்த மாதிரி நேராக, ஒரு மடிப்பு மாதிரி இருந்ததை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். நடுவில் பதினேழு வயது நீலா, மூக்குத்தி முதற்கொண்டு, ஒரு பொட்டுக் கறுப்பு இல்லாமல் இருந்தாள்.

கூடத்திலிருந்து மருமகள் குரல் கேட்டது. "அத்தை, கறுத்துருச்சா?"

நீலா துணியை விரித்தபடியே, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"கறுக்காம? மூக்கு வரைக்கும் போயிடுச்சு. நீ வாசலைப் பார்த்து நட, உண்ணாமுலை ஆச்சி பேத்தி வெள்ளை கட்டிக்கிட்டு வருது, முகத்தைச் சரியா வச்சுக்க."